மைனஸ் நூற்றைம்பது

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டிகிரி. படித்து வாங்கிய டிகிரி அல்ல, சூட்டை அளக்கிற டிகிரி. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாக அங்கே இருக்கும் லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் "சௌக்கியமா?" என்று கேட்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் தொட்டுவிட்டு, "தொண்ணூறு இருக்கும், பாவம்" என்று உச்சுக்கொட்டினார். அந்தப் பாவம் போனவருக்கு இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. கூடப் போயிருந்த அவர் மனைவிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிழைப்புக்கு அவர் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாள் முழுக்க நட்டு, போல்ட், வாஷர். கம்ப்யூட்டரைப் பற்றி அவர் கற்ற கல்வி முழுவதும் செல்போனில் ஒரு குரூப்பிலிருந்து வந்தது. லேப்டாப்பின் சூட்டைக் குறைப்பதற்கென்றே கூடிய நாற்பது ஆண்கள். காலை எழுந்ததும் தத்தம் லேப்டாப் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று போட்டோ எடுத்துப் போடுவார்கள். அந்த நாற்பது லேப்டாப்பில் ஒன்றிலாவது உருப்படியாக ஒரு வேலை நடந்ததாக அவர் மனைவி கேள்விப்பட்டதில்லை.

வேலை நடந்தது அவளுடைய லேப்டாப்பில். அவள் சமையலறை வரைகிறவள். தச்சர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள். பின்னறையில், இஸ்திரி போடும் பலகைக்கும் அழுக்குத் துணிக்கூடைக்கும் நடுவே இருந்த மேஜையில் உட்கார்ந்து, எட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களுடைய அலமாரிகளையும் பாத்திரம் கழுவும் தொட்டிகளையும் வரைந்து கொடுத்தாள். வரைவதோடு முடியாது. வரைந்த அறையில் வெளிச்சம் விழவைத்து, அசல் போட்டோ மாதிரி ஆக்கித் தரவேண்டும். அந்த இடத்தில்தான் லேப்டாப் கொதிக்கும். தொண்ணூற்றேழு டிகிரி ஆனதும் அதன் மூளையான பிராசஸர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் ஓடும், மறுபடி கொதிக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் முடியவேண்டிய படத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

டிகிரி சும்மா இருப்பாரா? முதலில் நீல விளக்கு எரியும் ஒரு கூலிங் ஸ்டாண்டு வாங்கி வந்தார். அது மாவு மில் மாதிரி இரைந்தது, சூடு இரண்டு டிகிரி குறைந்தது. பிறகு லேப்டாப்பைக் கழற்றி பிராசஸரின் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினார். மூடும்போது மேஜைமேல் இரண்டு ஸ்குரூ மிச்சம் இருந்தன. "இது எக்ஸ்ட்ராவா கொடுத்தது" என்றார். கடைசியாக வோல்டேஜில் கை வைத்தார்.

அவருக்குச் சேரவேண்டிய பெருமையை மறுக்கக்கூடாது. வோல்டேஜ் விஷயத்தில் அவர் ஆரம்பித்தது சரியாகத்தான் இருந்தது. லேப்டாப் கம்பெனி வைத்த வோல்டேஜில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தால், பிராசஸர் அதே வேலையைக் குறைந்த சூட்டில் செய்யும். நாற்பத்தைந்து வாட் இழுக்க விடாமல் முப்பதில் கட்டிப்போட்டால், கொதித்துப் படுப்பதற்குப் பதில் நிதானமாக ஓடிச் சீக்கிரம் முடிக்கும். மைனஸ் ஐம்பது மில்லிவோல்ட் வைத்தார், அதாவது கம்பெனி அளவைவிட ஐம்பது குறைவு, பிறகு மைனஸ் எண்பது. சூடு எண்பத்து நாலுக்கு இறங்கியது. அரை மணி நேரப் படம் பன்னிரண்டு நிமிஷத்தில் வந்தது. அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இத்தோட விட்டுடுங்க" என்றாள்.

இத்தோடு விடுகிற ஆளா அவர்? குரூப்பில் தனக்கு ஐஸ்கட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மகானுபாவர் மைனஸ் நூற்று நாற்பது வரை இறக்கியிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து டிகிரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனஸ் நூற்றைம்பது வைத்தார். பிராசஸரைப் பிழிந்தெடுப்பதற்கென்றே இருக்கும் ஒரு சாஃப்ட்வேரை எட்டு மணி நேரம் ஓடவிட்டு, பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி லேப்டாப்பின் எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அன்று அவள் முடிக்கவேண்டிய இரண்டு வரைபடங்கள் அப்படியே கிடந்தன. சாயங்காலம் பரீட்சை பாஸ். போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். முப்பத்தொன்பது கட்டைவிரல்கள் வந்தன. ஐஸ்கட்டியும் போட்டிருந்தார்.

அந்தக் குஷியில், வோல்டேஜை மாற்றும் இடத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுப் பூட்டினார்.

"யாரும் கை வச்சிடக் கூடாது பாரு" என்றார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

மறுநாளே லேப்டாப் நின்றது. அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது திரை உறைந்து கிடந்தது, மவுஸ் அசையவில்லை. அணைத்துப் போட்டாள். அடுத்த நாளும் நின்றது. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னாள்.

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ஒண்ணும் பண்ணலங்க. பால் பொங்குச்சு, அடுப்பைத் துடைக்கப் போனேன். வந்து பாத்தா நின்னிருக்கு."

"ஒண்ணும் பண்ணாம எப்படி நிக்கும்? எட்டு மணி நேரம் பிழிஞ்சேன், அசையல. உன் கை எதுலயாவது பட்டிருக்கும்."

தச்சர்களுடைய அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். திங்கள், பதினொன்றே கால், குளிக்கப் போயிருந்தேன். செவ்வாய், நாலு மணி, பால். வியாழன், தச்சர் போன் பண்ணினார், பத்து நிமிஷம் பேசினேன். இப்படி மூன்று வாரத்தில் ஏழு தடவை. ஏழு தடவையும் லேப்டாப் சும்மா இருந்தபோதுதான் நின்றது. அவள் வேலை வாங்கும்போது ஒரு தடவைகூட அது நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து தானே தேடிப் படித்தாள். சமாச்சாரம் அப்படியொன்றும் பெரிதில்லை. ஓடும்போது பிராசஸருக்கு நிறைய வோல்டேஜ் வரும், அதில் நூற்றைம்பதைக் கழித்தாலும் தாங்கும். சும்மா இருக்கும்போது அது தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொண்டு படுத்திருக்கும். அதிலும் நூற்றைம்பதைப் பிடுங்கினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. இதை அந்த நாற்பது பேரும் ஏன் கவனிக்கவில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது. பரீட்சை வைக்கும்போது மட்டும் லேப்டாப்பைப் பார்க்கிறவர்களுக்கு, மற்ற நேரத்தில் அது செத்தால் என்ன, பிழைத்தால் என்ன?

நோட்டை அவரிடம் காட்டினாள். "திரும்ப எண்பதுக்கே வச்சிடுங்களேன்" என்றாள்.

"எண்பதா? குரூப்ல போட்டாச்சு! இப்ப போய் எண்பதுன்னா எவன் மதிப்பான்?"

அதே வாரத்தில்தான் ஷோரூமிலிருந்து கூப்பிட்டார்கள். சமையலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூம். தச்சர்கள் வழியாக அவளுடைய படங்களை முதலாளி பார்த்திருந்தார். டிசைனர் வேலை காலியாக இருந்தது, ஜன்னலோரம் தனி மேஜை. எட்டு வருஷமாக அழுக்குத் துணி வாசத்தில் வரைந்தவளுக்கு அந்த மேஜை கனவில் வந்தது. வெள்ளிக்கிழமை லேப்டாப்போடு வந்து, ஒரு வாடிக்கையாளரின் முன்னாலேயே வரைந்து காட்டவேண்டும். முதலாளி போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "போன வாரம் ஒருத்தர் வந்தாரும்மா. பாதியில மெஷின் நின்னுபோச்சு, பார்ட்டி எழுந்து போயிட்டாங்க. அந்த மாதிரி எனக்கு வேண்டாம்."

"பாஸ்வேர்டாவது சொல்லுங்க, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மாத்திக்கிறேன்" என்று கணவரிடம் கெஞ்சினாள்.

"நீ கண்டதையும் மாத்துவ. நான் வச்சது வச்சதுதான். தைரியமா போ" என்றார் டிகிரி.

லேப்டாப் சும்மா இருக்காதபடி பின்னணியில் வேறு எதையாவது ஓடவிட்டுப் பார்த்தாள், வரைவது திக்கித் திக்கி வந்தது. ஆக, வழி ஒன்றுதான். லேப்டாப்பைச் சும்மா இருக்க விடக்கூடாது.

வெள்ளிக்கிழமை வந்த வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டரம்மா. பேச்சு கறார், மனசு தங்கம். அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். அலமாரி நகர்ந்தது, தொட்டி ஜன்னலடிக்குப் போனது, வெளிச்சம் விழுந்தது. லேப்டாப் ஓடியது. முதலாளி பின்னால் நின்று தலையாட்டினார். முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. அப்போது டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் பதினாலு நிமிஷம் ஆனது.

அவள் மவுஸைப் பிடித்துச் சமையலறையைச் சுற்றினாள். வலமிருந்து இடம், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். நிறுத்தவே இல்லை. மணிக்கட்டு வலித்தது. ஆபீஸ் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக் குடிக்கக் கை ஒழியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்மேல் அவளுக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பதினாலு நிமிஷத்தில் வந்தது கோபம் இல்லை. முன்பின் தெரியாத முப்பத்தொன்பது ஆண்களின் கட்டைவிரலுக்காகத் தன் பெண்டாட்டியின் பிழைப்பை அடகு வைத்த மனுஷனை அவள் முழு மனசோடு வெறுத்தாள்.

"ஏம்மா, சமையல்கட்டு ராட்டினம் மாதிரி சுத்துதே?" என்றார் முதலாளி.

"எல்லாப் பக்கமும் ஒரு தடவை சரிபாத்துடறேன் சார்" என்றாள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் அத்தனை தடவை சுற்றியதில் ஒன்று கண்ணில் பட்டது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் பக்கத்து இழுப்பறை பாதிதான் வெளியே வரும். சுற்றிக்கொண்டே ஃபிரிட்ஜைத் தள்ளி வைத்தாள், இழுப்பறையை மாற்றினாள். டாக்டரம்மா திரும்பியதும் சொன்னாள்.

"நானே கவனிக்கலம்மா, இதை எப்படிப் பாத்தீங்க?" என்றார் அவர். முதலாளி, "நீங்க போன்ல பேசிட்டிருந்தப்பகூட கை ஓயல பாருங்க" என்றார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். ஜன்னலோர மேஜையில் ஷோரூமின் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்துவிட்டு வந்தாள். சூடு பார்க்க இல்லை, ஆசைக்கு.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார். அவளுக்கு ஒரு நொடி மனசு நெகிழ்ந்தது. அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார், திறந்தார், அன்றைக்கு எட்டிய உச்ச சூட்டைப் பார்த்தார்.

"எழுபத்தொன்பது! ஒரு மணி நேர வேலைக்கு எழுபத்தொன்பதுதான்! சொன்னேன்ல?" என்று போனைத் தேடினார். குரூப்பில் போட வேண்டாமா?

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். போட்டு முடிக்கட்டும், கேட்பார் என்று இருந்தாள். ஐஸ்கட்டியோடு பேசி முடிக்கட்டும், கேட்பார் என்று இருந்தாள். சனிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்த லேப்டாப்பின் வோல்டேஜைக் குறைத்துவிட்டு வந்தார். வேலை கிடைத்ததா என்ற ஒரு கேள்வி அந்த மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வரவில்லை. சொல்லவேண்டும் என்று துடித்த சந்தோஷம் அவளுக்குள்ளேயே ஆறிப்போனது. ஞாயிறு மத்தியானம் துணி மடிக்கும்போது கொஞ்சம் அழுதாள்.

திங்கட்கிழமை அவருக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் அவள் நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டாள். லேப்டாப்பைக் கூடத்து மேஜையில், அவர் எதிரே வைத்தாள். ஆன் பண்ணிவிட்டுக் கையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேலைக்கு."

"ம்" என்றார்.

ஷோரூமில் ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் பாதிவரை வந்திருந்தது. அவள் முதல் வரைபடத்தைத் திறக்கும்போது போன் அடித்தது.

"ஏய், லேப்டாப் நின்னுடுச்சு! மவுஸ் அசையல. முப்பத்தெட்டு டிகிரிதான் இருந்துச்சு. நான் தொடவே இல்ல, எதிர்ல சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒண்ணும் பண்ணாம எப்படி நிக்கும்?"

அவள் நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"உங்க கை எதுலயாவது பட்டிருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.