மறுப்பை எழுதி வாங்கிய சித்தி

ஆறாம் வகுப்புச் சேர்க்கை முடிய இரண்டே நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை நான் ஊரை விட்டுக் கிளம்பினேன். பேருந்து ஒரு மணிக்கு. கொண்டுபோய் விடுகிறேன் என்று சித்தி தன் கூரியர் வேனில் வந்தாள். முன்னால் அவள் மகள். பின்னால் பார்சல்களுக்கு நடுவே என் பையைக் கட்டிக்கொண்டு நான்.

"வழியில ஒரு பத்து நிமிஷ வேலை," என்றாள் சித்தி.

அந்தப் பத்து நிமிஷ வேலை, மகளுக்காக அவள் ஏறப்போகும் ஐந்தாவது பள்ளிக்கூடம்.

மகளுக்குப் பதினொரு வயது. கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் வர ஒரு நிமிடமாவது ஆகும். எழுதுவதும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் அவளுக்கு 'பாசஞ்சர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சித்தி சண்டைக்குப் போகவில்லை. "ஆமா, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வரும். எக்ஸ்பிரஸ்ல ஏறின உங்க பிள்ளைங்க எங்க போய் இறங்குறாங்கன்னு நானும் பார்க்கத்தானே போறேன்," என்றாள். அதன் பிறகு அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில். பள்ளிக்கூடப் படியெல்லாம் சித்திதான் ஏறினாள். ஒரு பள்ளியில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இன்னொன்றில் சாய்வுப் பாதை இல்லை என்றார்கள். "அவ நடப்பா சார். கொஞ்சம் விட்டா உங்க கேட்டையே ஏறிக் குதிப்பா," என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். மற்ற இரண்டிலும் வேறு மாதிரிப் பள்ளிக்கு அனுப்புவதுதான் குழந்தைக்கு நல்லது என்று அன்பாகச் சொன்னார்கள். நான்கும் வாய்வார்த்தை. கல்வி அலுவலகத்திலோ, இடம் இல்லை என்று எழுத்தில் கொண்டுவந்தால்தான் விசாரிப்போம் என்றார்கள். அது தெரிந்துதான் எந்தப் பள்ளியும் எழுதித் தரவில்லை.

ஐந்தாவது பள்ளியின் தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பாப்பா, ஏழும் எட்டும் எத்தனை? இந்த ஸ்கூல் பிடிச்சிருக்கா?"

மகள் அவர் மேசையையே பார்த்தாள். அவர் பத்து எண்ணும் நேரம் காத்திருந்துவிட்டுச் சித்தி பக்கம் திரும்பினார்.

"பாருங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மத்த பிள்ளைங்க வேகத்துக்கு இவளால ஈடு கொடுக்க முடியணும். நாளைக்கு நீங்களே வருத்தப்படக் கூடாதுன்னுதான்..."

"பதினஞ்சு," என்றாள் மகள்.

"என்னது?"

"நீங்க கேட்டதுக்குப் பதில், சார். அடுத்ததும் வரும், கொஞ்சம் இருங்க," என்றாள் சித்தி.

அவர் இருக்கவில்லை. இடமில்லை என்பதை இன்னும் இரண்டு விதமாகச் சொன்னார். சித்தி கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கூரியர் ஆபீஸ் சீட்டு. யாராவது பார்சலை வாங்க மறுத்தால், காரணத்தை அவர் கையாலேயே எழுதி வாங்குவதற்கானது. கீழே கார்பன் தாளும் இருந்தது.

"இதுல எழுதிடுங்க."

"என்னம்மா விளையாடுறீங்களா? இது கூரியர் சீட்டு!"

"ஆமா சார். ஒரு பழைய மிக்ஸியத் திருப்பி அனுப்புறதா இருந்தாக்கூட, ஏன் வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் வாசலை விட்டு நகருவேன். என் பிள்ளைய மட்டும் வாயாலயே சொல்லி அனுப்புறீங்களே."

"நான் மறுக்கவே இல்லையே!"

"அப்ப சேர்த்துக்கிட்டீங்க?"

"அதையும் சொல்லலையே!"

"அப்ப இருக்கேன், சார். நிதானமா யோசிங்க." சித்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாசலில் வரிசை நீண்டது. சித்தியின் போன் அடித்தது. "பார்சல் எல்லாருக்கும் நாளைக்குத்தான் வரும். உலகம் அழிஞ்சிடாது," என்று முதலாளியிடம் சொல்லி வைத்துவிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்து.

"எழுதித் தந்தா கிளம்புவீங்களா?"

"உடனே."

கூரியர் சீட்டுக்கு என்ன மதிப்பு என்று நினைத்திருப்பார். 'கற்றல் வேகம் போதாது, இடமளிக்க இயலாது' என்று வேகமாகக் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே கிளார்க்கின் மேசையில் சித்தி அந்தச் சீட்டை நீட்டினாள். தினமும் பத்துக் கூரியர் சீட்டுக்கு முத்திரை குத்துகிற மனிதர். தலையைத் தூக்காமலே ஓங்கிக் குத்தினார்.

சித்தி வேனை எடுக்கப் போனாள். சாவி இரண்டு முறை தவறியது.

"ஸ்கூல் பிடிச்சிருக்கு," என்றாள் மகள். "அந்த சாரைத்தான் பிடிக்கல."

சித்தி ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தாள். என் பேருந்தை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஊர் ஊராய்ச் சுற்றி இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். எங்கிருந்தாலும் சித்தியைக் கேட்பேன். "இழுத்துக்கிட்டே இருக்கு" என்று மட்டும் பதில் வரும். ஏழு மாதம் கழித்து ஒரு படகுத் துறையில் நின்றபோது போனில் நீளமாக ஒரு செய்தி வந்தது:

"கல்வி ஆபீஸ்ல கூரியர் சீட்டு செல்லாதுன்னாங்க. கையெழுத்தும் முத்திரையும் அந்த ஸ்கூலோடதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னு வாராவாரம் போய் நின்னேன். ஏழு மாசமும் பாசஞ்சர் என்கூட வேன்லதான். ஊர்ல பாதி விலாசம் அவளுக்கு மனப்பாடம். இன்னைக்கு ஆர்டர் வந்துடுச்சு, அதே ஸ்கூல். பாதி வருஷம் போயிடுச்சேம்மா, அடுத்த வருஷம் சேர்த்துக்கலாமேன்னு அந்த ஹெட்மாஸ்டர் கேட்டாரு. முடியாது, திங்கக்கிழமை காலையில வர்றோம்னு சொல்லிட்டேன்."