ஆண்டவருக்கு விட்ட குஞ்சு

அன்றைக்கு அம்மா ஏன் ஓடினாள்?

இந்தக் கேள்வியை நான் என்னிடமே பல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கும் இப்போது ஒரு மகள் இருக்கிறாள். காய்ச்சல் மருந்து கொடுக்கும் முன் புட்டியில் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்து, கொடுத்த பிறகும் ஒருமுறை படிக்கிற தாய் நான். ஆகவே இந்நேரம் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

எங்கள் வீடு கேரள எல்லையோரப் பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பின்னால் ரப்பர் விளை, பக்கத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டம். நான் மூன்றாம் வகுப்பு. அம்மா கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முந்தின வருஷமும் ஒரு பாப்பா வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லாததால், பஸ் கிடைத்திருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த முறை நெய்யாற்றின்கரை டாக்டர் அம்மாவை ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். குடம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, குனிந்து முற்றம் பெருக்கக் கூடாது. ரெஸ்ட் என்றால் எனக்கு விடுமுறை என்றுதான் பொருள். பரீட்சை எதுவும் எழுதாமலேயே அம்மாவுக்கு இவ்வளவு நீளமான விடுமுறை கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அடுக்களை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். எதிரே கறுத்த பெட்டைக்கோழி தன் குஞ்சுகளோடு மண்ணைக் கிளறும். எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுபோவார்கள். ஏத்தன் வாழைக்குலை, சேனைக்கிழங்கு, தேங்காய், கோழி. ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். மனதில் ஒரு வேண்டுதல் இருக்கிறவர்கள், பண்டிகைக்கென்றே ஓர் உயிரை முன்கூட்டி விட்டு வளர்ப்பார்கள். அதை விற்கவும் கூடாது, கறிவைக்கவும் கூடாது. அம்மா அந்தக் குஞ்சுகளில் ஒன்றை விட்டிருந்தாள்.

“பாப்பா நல்லபடியா வந்து சேரணும்னு ஆண்டவருக்கு ஒரு குஞ்சு விட்டிருக்கேன் மக்கா. அத நாம பத்திரமா பாக்கணும், கேட்டியா?”

எனக்கு இது மிகத் தெளிவாகப் புரிந்தது. குஞ்சு பண்டிகைக்குப் போய்ச் சேர்ந்தால் பாப்பா வரும். போய்ச் சேராவிட்டால் வராது. ரயிலுக்கு டிக்கெட் மாதிரி.

குழப்பியவர் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி, பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர், மத்தியானச் சோற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். பருந்து முதல் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போன அன்று, மீன் குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்தபடி சொன்னார்: “அப்போ ஆண்டவருக்க பங்க அவரே வந்து எடுத்துட்டாரு. மிச்சம் நமக்காக்கும் மைனி.”

அம்மா சிரிக்கவில்லை. என்னை அனுப்பிக் கேசரிப் பவுடரை எடுத்துவரச் சொன்னாள். மீதியிருந்தவற்றில் துறுதுறுவென்று ஓடிய ஒன்றைப் பிடித்துத் தரச் சொல்லி, மடியில் வைத்து, தலையிலிருந்து வால்வரை ஆரஞ்சு நிறத்தைப் பூசினாள்.

“இதாக்கும் ஆண்டவருக்கது. இனி ஒருத்தரும் மாத்திச் சொல்லாண்டாம்.”

சித்தப்பா கை கழுவிவிட்டு வந்து குஞ்சை நிதானமாகப் பார்த்தார். “கொள்ளாம். பருந்துக்கும் இனி தேடுற சோலி இல்ல. தூரத்துல நின்னே லட்டு தெரியும்.”

அம்மாவின் முகம் மாறியது. உடனே ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். நிறம் போகவில்லை, இன்னும் நன்றாகப் பரவியது. தாய்க்கோழிகூட அதை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்து, அது கீச்சென்று கத்திய பிறகுதான் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது.

அதன்பிறகு எங்கள் முற்றம் போர்க்களமாகிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அதற்கு முன் இருந்ததில்லை. தன் வாயால் வந்த வினை என்று சித்தப்பாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும், தினமும் ஒரு யோசனையோடு வந்தார். பழைய சி.டி.க்களை நூலில் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டார். அவை வெயிலில் மின்னி எங்கள் கண்ணைத்தான் கூசவைத்தன. பொழியூர்க் கடற்கரையிலிருந்து கிழிந்த மீன்வலை கொண்டுவந்து பாதி முற்றத்துக்கு மேல் கட்டினார். கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சரியாக மறுபாதிக்குப் போய் மேய்ந்தது. தன் காக்கிச் சட்டையைக் கம்பில் மாட்டி ஓர் ஆள் செய்து நிறுத்தினார். மறுநாள் அதன் தோளில் சேவல் ஏறி நின்று கூவியது.

“எலே, ஒனக்க சட்டைக்கு இருக்க மரியாதையப் பாத்தியா?” என்று அப்பா கேட்டார்.

“ஒரிஜினலுக்கே இல்ல. பின்னே சட்டைக்கு எங்க?” என்றார் சித்தப்பா.

எனக்குக் கொடுத்தது எவர்சில்வர் தட்டும் கரண்டியும். கோழி ஒருமாதிரி இழுத்துக் கத்தினால் பருந்து வருகிறது என்று அர்த்தம். உடனே நான் தட்டை அடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிபார்ம்கூட மாற்றாமல் காவலுக்கு நின்றேன். காகம் பறந்தாலும் அடித்தேன். தெங்கோலை ஆடினாலும் அடித்தேன். தட்டில் சோறு போட்டால் குழம்பு ஒரு பக்கமாக ஓடும் அளவுக்கு அது நெளிந்துவிட்டது. குஞ்சும் வளர்ந்து சிறகு விட்டது. நிறம் மங்க மங்க அம்மா புதிதாகப் பூசினாள். ஆபத்தென்று தெரிந்தும் பூசினாள். அடையாளம் இல்லாமல் போவது அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்ததோ என்னவோ.

அன்று சனிக்கிழமை. அப்பா திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் நின்று வானத்தைப் பார்த்தேன். பருந்து வானத்திலிருந்துதான் வரும் என்று நம்பியிருந்தேன். அது ரப்பர் விளைக்குள்ளிருந்து, மரச்சீனித் தண்டுகளை உரசுகிற மாதிரித் தாழ்வாக வந்தது. கோழி கத்தியது. மற்ற குஞ்சுகள் எல்லாம் வலைக்கு அடியில் ஓடிப் பதுங்கின. ஆரஞ்சு மட்டும் நடு முற்றத்தில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

நான் தட்டை அடித்தேன். பருந்து அந்தச் சத்தத்துக்கெல்லாம் பழகியிருந்தது. கால்களை நீட்டியது, குஞ்சை அள்ளியது, எழும்பியது.

அப்போது நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது.

அம்மா ஓடினாள். நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையில் சுளகோடு, அரிசியெல்லாம் சிதற, செருப்பில்லாமல், மரச்சீனி மூடுகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். அவளால் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. “விடு சனியனே! விடு!” என்று அவள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது. பிறகு சுளகை வீசினாள். அது சுழன்றுகொண்டே மேலே போனது. பருந்தின் மேல் பட்டதா, அருகில் போனதா தெரியாது. பருந்து ஒருமுறை தடுமாறியது. ஆரஞ்சு உருண்டை ஒன்று மரச்சீனி இலைகளுக்குள் விழுந்தது.

நான் குதித்தேன். தட்டை அடித்துக்கொண்டு அம்மாவைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். அம்மா குஞ்சைத் தேடி எடுத்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். முதுகில் சிறு கீறல். மற்றபடி அதற்கு ஒன்றுமில்லை, கோபமாகக் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் ஒரு கையில் குஞ்சு. மறுகை வயிற்றில்.

சித்தப்பாவின் ஆட்டோ வந்து நின்றது. நான் ஓடிப்போய், “சித்தப்பா, அம்மா ஜெயிச்சாச்சு!” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“மைனி, நீங்க என்ன காரியம் செஞ்சிய?”

“குஞ்சுக்கு ஒண்ணும் இல்ல தம்பி.”

“குஞ்சு கெடக்கட்டு. எழும்பாண்டாம். அப்படியே இரியுங்க.”

அடுத்த வீட்டுச் சேச்சி வேலியோரமாக ஓடிவந்தாள். இரண்டு பேருமாக அம்மாவைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். எப்போதும் பறக்கிற சித்தப்பா, அன்றைக்குக் கல்லுக்குக் கல் பார்த்து உருட்டிக்கொண்டு போனார். என்னை ஏற்றவில்லை என்பதில் எனக்குக் கடுங்கோபம். வெற்றிக்குப் பிறகு ஊர்வலம் போகிறார்கள், தட்டடித்தவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். போகும்போது அம்மா குஞ்சை என்னிடம் நீட்டி, “பாத்துக்கோ மக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“மோளே, வா. இன்னு நமக்கு என்றெ வீட்டில் இரிக்காம்,” என்று சேச்சி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வந்தவர்களுக்கெல்லாம் நான் நடித்துக் காட்டினேன். பருந்தாகவும் பறந்தேன், அம்மாவாகவும் ஓடினேன், சுளகுக்குப் பதில் விசிறியை எறிந்தேன். யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. அந்தி சாய்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. சேச்சி பூஜை மாடத்தில் விளக்கேற்றி, அதன் முன் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். அவள் கையை இழுத்து, “சேச்சி, பயப்படாண்டாம். குஞ்சு உயிரோட உண்டு, பாருங்க,” என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னையும் குஞ்சையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சேச்சிக்கும் என்னைப் போலவே சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

அன்று முழுக்க நான் குஞ்சைக் கீழே விடவில்லை. பாப்பா அதனிடம்தான் இருக்கிறது என்று நம்பினேன். இரண்டு உள்ளங்கைகளுக்குள் பாப்பாவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நம்பினேன். ஆட்டோவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது.

பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அம்மா வந்தாள், அதன்பிறகு கட்டிலை விட்டு இறங்கவே யாரும் விடவில்லை. ஆரஞ்சுக் குஞ்சு வளர்ந்து சேவலாகி, பண்டிகைக்கு அதைச் சித்தப்பாதான் தூக்கிப்போனார். தம்பியும் வேளைக்குப் பிறந்தான். இப்போது காலேஜில் படிக்கிறான். நான் இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் மகளைச் சுமந்தபோது என் டாக்டரும் அதே வார்த்தைகளைச் சொன்னார். படி ஏற வேண்டாம், குனிய வேண்டாம். அன்றிலிருந்து இதைச் சிரித்துச் சொல்ல முடியவில்லை. வயிற்றில் இருப்பதை மறந்து ஓடினாளா? அதற்காகவேதான் ஓடினாளா? கேட்டால் அம்மா, “போ மக்கா, நான் எங்க ஓடினேன்? மெள்ள நடந்துல்லா போனேன்,” என்கிறாள்.

இப்போது நாங்கள் அதியன்னூர்ப் பக்கம் குடியிருக்கிறோம். மகளின் பிடிவாதத்துக்காக ஒரு தாய்க்கோழியும் குஞ்சுகளும் வாங்கினோம். பருந்தும் வரத் தொடங்கிவிட்டது. கோழி இழுத்துக் கத்தினால் போதும், மகள் வெறுங்காலோடு முற்றத்தில் பாய்கிறாள். பருந்தின் நகம் அவள் முகத்தில் பட்டுவிடுமோ என்று நான் வாசலில் நின்று “ஓடாதே” என்று கத்துகிறேன். அவள் நின்றுவிடும்போது, நிறுத்தியிருக்க வேண்டாமோ என்றும் தோன்றுகிறது. முற்றம் முழுக்க வலையடிக்கச் சொல்கிறார் கணவர். அப்படி அடைத்தால் குஞ்சுகள் மெலியும் என்கிறாள் பால் கொண்டுவருகிற அக்கா. கோழி வளர்த்து, பிள்ளையும் வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வலை கட்டிவிடட்டுமா? அல்லது அவள் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து, நானும் கூடவே ஓடட்டுமா?