ஒன்பது வெள்ளைப் புள்ளிகள்

ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து வந்த கையோடு என் பழைய பேஸ் கிட்டாரைப் பிரித்தேன். கம்பிகளை முறுக்கும் திருகுகள் நான்கு, கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜ் ஒன்று, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் இரண்டு, வால்யூம் குமிழ் ஒன்று. ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு மேலே பெயர் எழுதினேன். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, போஸ்ட்மார்ட்டமா?"

"உறுப்பு தானம்."

உறுப்புகளைப் பெறப்போகிற உடல் இன்னும் பிறக்கவில்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு மூலையில் அது ஒரு பலாப் பலகையாகச் சாய்ந்திருந்தது. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த இடம் அது. அவற்றை அப்புறப்படுத்திவிட்டு ஒரு மேசை, ஒரு பட்டறைப் பிடி, ஒரு மின்விசிறி வைத்து என் பட்டறையாக்கிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் நான் ஐந்து வருடமாக பேஸ் வாசிக்கிறேன், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரங்கள். சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும். எங்கே அழுத்தினாலும் பட்டைதான் சுரத்தைத் தீர்மானிக்கும். பாதுகாப்பான ஏற்பாடு, ஆனால் படிக்கட்டில் ஏறி இறங்குவது மாதிரி. எங்கள் காணிக்கைப் பாடல்கள் படிக்கட்டில் நடப்பவை அல்ல. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறவை. குரல்கள் எல்லாம் வழுக்கிப் போக, நான் மட்டும் கீழே தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தேன். பட்டைகளே இல்லாத ஒன்று வேண்டும் என்று தோன்றியது. வாங்குவதற்குப் பதில் செய்துவிடலாம் என்றும் தோன்றியது.

தரமணியில் எனக்குக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலை. பட்டியல் இல்லாமல் ஒரு திருகைக்கூடத் திருப்ப மாட்டேன். இந்த கிட்டாருக்கும் ஒரு பட்டியல் போட்டேன், அறுபத்திரண்டு வரி. நான்கு மாதம், சனி ஞாயிறுகளில், வரி வரியாக டிக் அடித்தேன். அதுவரை கோயிலில் கீபோர்டே என் பகுதியையும் வாசித்தது; பழையதைப் பிரித்துவிட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. பலாவை அறுத்தபோது மஞ்சள் தூள் மாதிரி பறந்து தலையெல்லாம் ஒட்டியது. கழுத்துக்கு மூன்று தேக்குப் பட்டைகளை ஒட்டி, நடுவில் இரும்புக் கம்பியைப் புதைத்தேன். விரல் ஓடும் மேல்பலகை ஈட்டி மரம். மழை நாட்களில் கழுத்து மயிரிழை அளவு வளைந்தது. இரண்டு வாரம் அதைத் தொடாமல், தினமும் அளந்து மட்டும் வைத்தேன். வளைவு நின்ற பிறகுதான் இழைப்புளியை எடுத்தேன். ஈட்டி மரத்தை இழைத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவியபோது அது கண்ணாடி மாதிரி ஆனது. அதை நான் செய்தேன் என்று நம்ப முடியாமல் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பட்டைகள் இல்லாததால் விரலுக்கு அடையாளம் வேண்டும். வாசிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி கழுத்தின் ஓரத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வைப்பார்கள். அதற்காக ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் வெள்ளை பிளாஸ்டிக் பின்னல் ஊசி கேட்டேன். "மெட்ராஸ் வெயில்ல யாருக்கும்மா ஸ்வெட்டரு?" என்றார் கடைக்காரர். ஊசியைத் துண்டு துண்டாக நறுக்கினேன். பழைய கழுத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்துப் புள்ளிகளின் இடத்தைப் பிரதி எடுத்து, புதிய கழுத்தில் ஒன்பது துளை போட்டு, துண்டுகளைச் செருகினேன். அறுபத்திரண்டாவது வரிக்கும் டிக்.

புதன்கிழமை கம்பி மாட்டி அரை மணி நேரம் தனியாக வாசித்தேன். இனிமையாக இருந்தது. வியாழன் மாலை பயிற்சிக்கு எடுத்துப் போனேன். ஞாயிறு மாலை பங்குத் திருவிழாப் பூசை. அதற்கு முன்னால் அதுதான் கடைசிப் பயிற்சி.

வருகைப் பாடலின் இரண்டாவது வரியிலேயே குழுத் தலைவி கையைத் தூக்கி நிறுத்தினார். பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். எங்களுக்கு ஆன்ட்டி.

"யாரோ சுருதி இறங்குறீங்க."

மறுபடி தொடங்கினோம். மறுபடி நிறுத்தினார். நான்காவது முறை யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் சிரித்தார். "ஏம்மா, பலா மரம்ன்றியே, உள்ள பழம் எதுனா மாட்டிக்கினு கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் சூடாகத்தான் இருந்தது. ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. "அழகா செஞ்சிருக்கம்மா. ஆனா திருவிழா அன்னிக்கு ரிஸ்க் எடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு. சரியா வரலன்னா பழச எடுத்துட்டு வா."

பழையது இல்லை. அதன் உறுப்பெல்லாம் இதற்குள் இருக்கிறது. அதைச் சொன்னேன். "அப்போ கீபோர்டே பேஸையும் பாத்துக்கட்டும்," என்றார். நியாயமான பதில். பேருந்தில் கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். சந்தேகங்களைப் பட்டியலிட்டேன்: கம்பியின் நீளம், பிரிட்ஜின் இடம், கழுத்தின் வளைவு, கம்பியின் தரம், கம்பியின் உயரம், திருகு நழுவுதல். ஒவ்வொன்றையும் அளந்தேன். எல்லாம் சரி. ஏழாவதாக எழுதியது என் காது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

சனிக்கிழமை காலை தங்கையைப் பாடச் சொல்லி, கூடவே வாசித்தேன். எங்கள் குழுவிலேயே சோப்ரானோ, அதாவது உச்சக் குரல், அவளுக்கு. காது அதைவிடக் கூர்மை. இடையில் அம்மா கீழேயிருந்து இட்லிக்குக் கூப்பிட, நான் தலையைத் திருப்பிப் பதில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். தங்கை பாட்டை நிறுத்தினாள்.

"அக்கா, இப்ப கரெக்டா இருந்துச்சு."

"எப்ப?"

"அம்மாகிட்ட கத்திக்கிட்டே வாசிச்சியே, அப்ப. நீ குனிஞ்சு கழுத்தப் பாத்தா இறங்கிடுது. பாக்காத."

பார்த்தால் தவறு, பார்க்காவிட்டால் சரி. அப்படியென்றால் கோளாறு காதில் இல்லை, நான் பார்க்கும் பொருளில். கம்பியின் சரிபாதியில் விரலை மெல்ல வைத்துத் தட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி கேட்கும். அந்த இடம் பொய் சொல்லாது. தட்டித் தட்டி அதைத் தேடினேன். கிடைத்தது. ஆனால் சரிபாதியில் இருக்கவேண்டிய என் இரட்டைப் புள்ளிக்கு நேராக இல்லை. பதின்மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

புரிந்தபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். பட்டை உள்ள கிட்டாரில் விரல் இரண்டு பட்டைகளுக்கு நடுவே அழுத்தும். புள்ளியும் அங்கே, நடுவில்தான் இருக்கும். பட்டையே இல்லாததில் விரல்தான் பட்டை. புள்ளி, பட்டை இருந்திருக்க வேண்டிய கோட்டில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் செய்த நான் புள்ளிகளை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்ததால் தனியாக வாசித்தபோது உறுத்தவில்லை.

"காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டியா?" என்றாள் தங்கை.

இந்த முறை கணக்குப் போட்டேன். முதல் புள்ளி, கழுத்தில் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து நூற்று முப்பத்தேழரை மில்லிமீட்டரில். கம்பிகளைக் கழற்றினேன். பழைய துண்டுகளைத் துளைத்து எடுத்து, ஈட்டித் தூளும் பசையும் வைத்து அடைத்தேன். புதிய துளைகள் போடும்போது தங்கை கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். டிரில் நழுவினால் நான்கு மாதம் போய்விடும். ஒன்பது முறை மூச்சைப் பிடித்தேன். ஒன்பதும் நேராக இறங்கின. பின்னல் ஊசியில் மிச்சம் இருந்தது சரியாகப் போதுமானதாக இருந்தது. மாலைக்குள் கம்பி மாட்டி, இரட்டைப் புள்ளிக்கு மேல் தட்டினேன். மணி ஒலித்தது.

ஞாயிறு நான்கு மணிக்கு ஆன்ட்டி கண்களை மூடிக் கேட்டார். வருகைப் பாடல் முழுவதும் கையைத் தூக்கவில்லை. கண்ணைத் திறந்து, கீபோர்டு அண்ணனிடம், "நீ வலது கை மட்டும் வாசி," என்றார். இடது கையின் கீழ்ச் சுரங்கள் இனி என் பொறுப்பு.

பூசையில் காணிக்கைப் பாடல் வந்தது. குரல்கள் மேலிருந்து வழுக்கி இறங்கிய இடத்தில் நானும் அவற்றோடு இறங்கினேன், ஒரே நீளமான சுரமாக. கோயில் தரை அதிர்வதை என் செருப்பில்லாத காலில் உணர்ந்தேன். தங்கை பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் கழுத்தைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்தேன், சுரம் இறங்கவில்லை.

முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா கிட்டே வந்தார். முன்வரிசையில் இருந்தவர்.

"இன்னா பாப்பா இது? காதுல கேக்கல, வவுத்துல கேக்குது."

"பேஸ் கிட்டாருக்கா. நானே செஞ்சது."

"நீயா? கடையில குட்த்து செஞ்சியா?"

"இல்லக்கா. வீட்டு மாடியில. மரத்த அறுத்து, இழைச்சு, எல்லாம் நானே."

அவர் கிட்டாரின் உடம்பை விரலால் தட்டிப் பார்த்தார், கம்பியை ஒருமுறை இழுத்துவிட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இங்க வாங்கடி! இந்தப் பொண்ணு இத்த கையாலயே செஞ்சிகீது!" நான்கைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "இன்னொரு தபா வாசி பாப்பா, இவளுங்க கேக்கட்டும்."

கீபோர்டு அண்ணன் பாதி சுற்றியிருந்த வயரை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடி சொருகினேன்.