பெருவிரல் நகங்கள்

இரண்டாயிரம் பிறந்த புதிதில் கனடாவின் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியிருந்தோம். பெரிய வியாழனன்று தேவாலயத்தில் நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்கு, சீடர்களாக அமரும் பன்னிரண்டு பேரில் ஒருவராக என் கணவரைப் பங்குச் சுவாமி கேட்டார். கணவருக்கு உள்ளூர ஆசை. ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டார். காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவருடைய இரண்டு பெருவிரல் நகங்களும் மஞ்சளாகத் தடித்து, ஓரம் உதிர்ந்து கிடந்தன. வீட்டிலும் என்னைத் தவிர யார் முன்னாலும் காலுறையைக் கழற்ற மாட்டார்.

"உங்கட கால் என்ன புதுப்பொம்பிளையோ, மூடி வைக்கிறதுக்கு?" என்று சீண்டுவேன். சிரிக்க மாட்டார்.

குளிர்காலம் முழுக்கச் சப்பாத்துக்குள் வியர்க்கும் காலில் பூஞ்சை பிடிக்கும் என்றது மருந்துக்கடையில் எடுத்த துண்டுப்பிரசுரம். நகம் நிறம் மாறும், தடிக்கும், நொறுங்கும், அடியில் மாவு போலச் சேரும். எல்லாம் பொருந்தியது. நானே வைத்தியராகி இரண்டு குளிர்காலம் களிம்பு பூசினேன். நகம் மாறவில்லை.

கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு நான்தான். கண்ணால் பார்த்து மட்டும் பூஞ்சை என்று முடிவுகட்டக் கூடாது என்றார் அந்த அம்மா. நகத்தை நறுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை. ஒருமுறை தவறலாம் என்று மறுபடியும் அனுப்பினார். அப்போதும் இல்லை.

"மற்ற விரல்கள் நன்றாக இருக்கின்றன. நகத்தின் வேர் சிதைந்தால் பிறகு எப்போதும் இப்படித்தான் முளைக்கும். முன்பு பலமாக அடிபட்டதா?" என்று மருத்துவர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். கணவர் சுவரைப் பார்த்தார்.

"ஆமி காம்பில வைச்சு நகத்தைப் பிடுங்கினவங்கள். நீர் பயப்பிடுவீர் எண்டுதான் சொல்லேல்லை."

ஊரில் இராணுவம் பிடித்துப் போனதை எனக்குச் சொல்லியிருக்கிறார். "விசாரிச்சிட்டு விட்டவங்கள்" என்பதோடு கதை முடிந்துவிடும். நான் களிம்பு பூசும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கூச்சம் என்று நினைத்திருந்தேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பிடுங்குவதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சுவாமிக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த வருசம் கால் கழுவ நான் வாறன்" என்றார்.

பெரிய வியாழனன்று எல்லார் முன்னாலும் காலுறையைக் கழற்றிப் பாதத்தை நீட்டினார். சுவாமி தண்ணீர் ஊற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த பெண் என் காதோடு குனிந்தாள்.

"அக்கா, அண்ணையின்ர நகத்தில ஃபங்கஸ் போல. மருந்து பூசி விடுங்கோ."

"ஓம், பூசுறன்" என்றேன்.