பீலிக்கு மேலே ஒரு குழி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீட்டு வரிசையில், பழுதான போனை யாரும் எறிவதில்லை. அடுப்புக்கு மேலே, விறகு காய வைக்கும் பரணில் போட்டு வைப்போம். கொழுந்து எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், சொப்பிங் பைக்குள் எத்தனை சுற்றுச் சுற்றி வைத்தாலும் போன் நனைந்துவிடும். ஈர விறகு காய்கிற இடத்தில் ஈர போன் காயாதா என்பது எங்கள் கணக்கு. எப்போதாவது ஒன்று உயிர் பெற்றும் விடும். அதை நம்பியே எல்லா வீட்டுப் பரண்களிலும் போன்கள் புகை குடித்துக் கிடந்தன. பிள்ளைகளின் படிப்பெல்லாம் போனுக்குள் போன பிறகு அவை இன்னும் பெருகின.

ஒரு மாலை எங்கள் பரணில் இருந்தது வெடித்தது. பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். படீரென்று சத்தம், கண்ணைப் பிடுங்கும் புகை. மாமியார் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு, ஓடிப்போய் நின்று என்னைத் திட்டினார், நான்தான் போனைச் சுட்டேன் என்பதுபோல. நல்லவேளை, ரொட்டி கரியானதோடு போயிற்று.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதியும்போது, கணக்கப்பிள்ளை உத்தரவு போட்டார். "லயத்துல கெடக்குற ஒடஞ்ச போன் எல்லாத்தையும் மேல குப்பக் குழியில கொட்டிருங்க. ஆபிஸ்ல சொல்லிட்டாங்க."

அந்தக் குழி எங்கள் பீலிக்கு நேர் மேலே இருக்கிறது. பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். மழை பெய்தால் குழியில் கிடப்பது கீழே வரும். குழியில் வீசிய டியூப் லைட்டின் கண்ணாடியைப் பீலியடியில் நானே பொறுக்கியிருக்கிறேன்.

"கொட்ட மாட்டோம்ங்க" என்றேன்.

"என்னாது?"

"அந்தக் குழித் தண்ணி எங்க பீலிக்குத்தான் வருது. தொர பங்களாவுக்குத் தண்ணி வர்ற ஊத்துக்கு மேல கொட்டச் சொல்லுங்க, பாப்போம்."

"வாய் ரொம்ப நீளுது. இன்னைக்கு ஒனக்கு அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் நாள் முழுக்க மலையேறினாலும் பாதிச் சம்பளம். அந்தச் சம்பளத்தைவிட எனக்குக் கோபம் பெரிதாக இருந்தது.

"போட்டுக்கங்க. குழியில ஒண்ணும் விழாது" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனேன்.

சொல்லியாயிற்று, இனிச் செய்து காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்துக் கூடையோடு வீடு வீடாகப் போனேன். அடுத்த அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி தன் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உள்ள எங்க போட்டோ எல்லாம் இருக்கு. கண்டவனும் பாப்பான்."

"குழியில போட்டா மட்டும் பாக்க மாட்டானா? அட்டன்ல போன் கடையில குடுக்கப் போறேன். என் கண்ணு முன்னாலயே அழிக்கச் சொல்றேன், குடு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

உப்பிய போன்களை ஒரு பிஸ்கட் டின்னில் மணல் போட்டுத் தனியாக வைத்தேன். கூடையை மடியில் வைத்து பஸ்ஸில் அட்டன் டவுனுக்குப் போனேன். அங்கே போன் திருத்தும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் கடையில் பழைய போன்கள் போட ஒரு பெட்டி உண்டு. அவர் அவற்றைச் சேர்த்து, முறையாகப் பிரித்தெடுப்பவர்களுக்குக் கொழும்புக்கு அனுப்புகிறார்.

"தங்கச்சி, இதுக்குச் சல்லி ஒண்டும் கெடைக்காது, தெரியும்தானே?"

"சல்லிக்கு வரலைங்க நானா. எங்க தண்ணிக்கு வந்தேன்."

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, சிம்மைக் கழற்றி என் கையில் தந்தார். உயிர் இருந்தவற்றில் படங்களை என் முன்னாலேயே அழித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வாரமே, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நாங்கள் இறங்கும்போது, ஆபிஸ் டிராக்டர் எதிரே ஏறி வந்தது. பெட்டி நிறைய உடைந்த போன்கள், டியூப் லைட்டுகள், ஒரு பழைய கம்ப்யூட்டர். ரோடு குழிக்குத்தான் போகிறது. என் கூடையை நடு ரோட்டில் வைத்துவிட்டு நின்றேன். பக்கத்துக் காம்பராக்காரியும் தன் கூடையை அதன் அருகில் வைத்தாள். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். ரோடு அடைத்துக்கொண்டது.

கணக்கப்பிள்ளை டிராக்டரிலிருந்து குதித்தார். "எல்லாருக்கும் அரைப்பேரு போடவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் காம்பராக்காரி முந்திக்கொண்டாள். "போடுங்க. நாளைக்குக் கொழுந்த நீங்களே எடுத்துக்கங்க."

திருப்ப இடமில்லாத ரோடு அது. டிராக்டர் பின்பக்கமாகவே ஊர்ந்து இறங்கியது. அது வளைவில் மறையும் வரை ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை.

என்னிடம் பிடித்துக்கொண்ட அரைநாள் சம்பளம் இன்னும் வரவில்லை. டிராக்டரில் வந்த சுமை தேயிலை ஸ்டோர் ஓரத்தில் படங்கு போட்டு மூடிக் கிடக்கிறது. ஆபிஸில் நானா கடைக்கு வழி கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். மறுபடி குழிக்குக் கொண்டுவந்தால், கூடைகள் அதே ரோட்டில்தான் இருக்கும்.