பெருவிரல் போன கால்

கயிறு இழுக்கிற வின்சைச் சுற்றியவர் முதலாளி, சம்மாட்டி. அவருடைய படகைத்தான் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு சிக்கியது. கையை விட்டுச் சிக்கெடுத்தேன். "நில்லுங்கோ" என்று கத்தினேன். அவருக்கு அவசரம், சுற்றினார். என் வலது கைப் பெருவிரல் அடியோடு போனது.

பிறகு பருத்தித்துறைக் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். "கவனமில்லாதவன். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

கால் பெருவிரலை எடுத்துக் கையில் வைத்துத் தைக்கலாம் என்றார் கொழும்பில் பெரிய டொக்டர். எந்தக் காலால் பந்து அடிப்பாய் என்று கேட்டார். வலது என்றேன். அப்படியானால் இடதை எடுப்போம் என்றார். வலையை எந்தக் காலில் மாட்டுவாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரம் கை நினைப்புத்தான்.

கை சரிவந்தது. விரல் கொஞ்சம் தடிப்பு. ஊசி பிடிக்கும், சோறு அள்ளும். வந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். காலை ஒருவரும் பார்க்கவில்லை.

செருப்பு வாரைப் பிடிக்க விரல் இல்லை. நடக்கச் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். பாரம் வெளிப்பக்கம் போய் உள்ளங்காலில் காய்ப்பு வந்தது. படகு தள்ள ஊன்றினால் மணல் வழுக்கிக்கொண்டு போகும். மார்கழியில் தழும்பு இழுக்கும்.

அதெல்லாம் பரவாயில்லை. நான் வலை பொத்துகிறவன். மணலில் இருந்துகொண்டு காலை நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைப் பின்ன வேண்டும். விரல் இறுக்கும், விட்டுக்கொடுக்கும். அப்போதுதான் வலைக்கண் ஒரே அளவாக விழும். வலது காலில் மாட்டிப் பார்த்தேன். பழகிய கை அந்தப் பக்கம் போகவில்லை. கட்டை அடித்து மாட்டினேன். கட்டை விட்டுக்கொடுக்காது. காலையில் பின்னியதை மாலையில் அவிழ்த்தேன்.

ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிப் பந்தியில் சம்மாட்டி எனக்கு எதிரே இருந்தார்.

"இஞ்சை பாருங்கோ, உவன் காலாலை சாப்பிடுறான்!"

பந்தி சிரித்தது. நான் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

மீன் நன்றாகப் படுகிற காலத்தில் அவருடைய வலை கடலடிப் பாறையில், பாரில் மாட்டிக் கிழிந்தது. வலை பொத்துகிற மற்றவர்களிடம் போனார். "எங்களுக்கு வேலை கிடக்கு. உவனைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டினார்கள்.

"டேய் தம்பி, நாளைக்கு வலை கடலிலை கிடக்கோணும்."

"பொத்தலாம். வலை பிடிக்க எனக்கு விரல் இல்லை, சம்மாட்டியார்."

"கட்டையை அடியன்."

"கட்டையிலை கண் சரிவராது. மீன் போயிடும். உங்கடை விரலைத் தாங்கோ."

"நானோ?"

"வேறை ஆற்றை விரல்?"

மீன் விற்கிற அக்கா கூடையை இறக்கி வைத்தா. "குந்துங்கோ சம்மாட்டியார். காலுக்கு மருதோண்டியும் போட்டு விடுறன்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். கரையில் அவர் கதிரையில் இருக்கிறதைத்தான் எல்லோரும் கண்டிருக்கிறோம். அன்று சுடுமணலில் இருந்தார். இடது காலை நீட்டச் சொன்னேன். வலையை மாட்டி இறுக்கி இழுத்தேன்.

"இன்னும் கிடக்கோ?"

"ஓம். ஆட்டாதேங்கோ, கண் பெருத்துப் போகும்."

நூல் விரலில் பதிந்தது. விரல் சிவந்து, பிறகு நீலமானது.

"கால் விறைக்குதடா."

"ஓம்" என்றேன்.

வெயில் சாய முன்னரே கிழிசல் முடிந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் கிடந்த நல்ல கண்களை அறுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பின்னினேன்.