சொந்தக் குரலில் இரண்டு வரி

ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் ஆண் குரலாகிவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. கழுத்துக் கட்டியை எடுத்தபின் குரல் நரம்பு வலுவிழந்துவிட்டது. போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். அதுவரை தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பைபிள் வாசகம் படித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது கேஸ் சிலிண்டருக்கு ஃபோன் செய்தால் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு சாராகவே சிலிண்டர் வாங்கினேன்.

சிலிண்டர்காரன் என்ன நினைத்தால் எனக்கென்ன. என் வீட்டுக்காரர்தான் பிரச்சினை. அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் வெள்ளி நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், "ஃபோன வச்சிரு மக்கா, யாரோ ஆம்பிளகிட்ட பேசுத மாதிரி இருக்கு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வெள்ளி அவர் கூப்பிடவில்லை. "சாப்பிட்டியா?" என்று எழுத்தில் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும் எழுத்துதான். கல்யாணமான நாளிலிருந்து லீவில் வரும்போது மட்டும் சேர்ந்து இருந்தவர்கள் நாங்கள். எங்களுக்குக் குடும்பம் என்று இருந்ததே அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சுதான். அது போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இதை யாரிடம் கேட்பது? அம்மாவிடம் சொன்னால் அழுவாள். பங்குச் சாமியாரிடம் சொல்கிற காரியமா இது? தையல் கடையில் வேலை பார்க்கிற பெண்தான் வழி சொன்னாள். நம் மாவட்டத்துப் பெண்களுக்கென்றே ஃபோனில் ஒரு குரூப் இருக்கிறது, மாதத் தூரம் நின்றுபோனது முதல் மாமியார் தொல்லை வரை எல்லாம் பேசுவார்கள், ஆண் வாடையே கிடையாது என்றாள். 'பெண்களுக்கு மட்டும்' என்ற போர்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒதுக்கி வைப்பதற்கு மரியாதையான பேர் அது என்று கல்லூரி நாளிலிருந்தே சண்டை போடுகிறவள். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை.

அந்தக் குரூப்பில் சேர ஒரு சட்டம் இருந்தது. சிபாரிசு செல்லாது. போட்டோவும் வேண்டாம், யாருடைய போட்டோவையும் யாரும் அனுப்பிவிடலாம். அட்மினுக்குச் சொந்தக் குரலில் இரண்டு வரி பேசி அனுப்ப வேண்டும்.

ஆபரேஷன் விவரத்தை முதலில் எழுதி அனுப்பினேன். பிறகு பேசினேன். "வணக்கம் அக்கா. எனக்க மனசுல ஒரு காரியம் உண்டு, பொம்பளையளுகிட்டதான் கேக்க முடியும்." பதில் உடனே வந்தது, குரலிலேயே.

"ஏலே, தொண்ட கட்டிற்றுன்னு ஒருத்தன் வந்தான், இப்ப ஆப்பரேசனா? ஒனக்க வீட்டுல அம்ம, தங்கச்சி இல்லியாலே?"

திரும்ப எழுதினேன். போகவில்லை. என் எண்ணை பிளாக் செய்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இரண்டொரு நாள் கழித்து நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி ஃபோனைத் தட்டினாள். அதிலிருந்து என் குரல் கிளம்பியது. "எனக்க மனசுல ஒரு காரியம் உண்டு, பொம்பளையளுகிட்டதான் கேக்க முடியும்." பெண் வேஷத்தில் நுழையப் பார்த்தவன், எச்சரிக்கையாக இருங்கள் என்று ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

"அய்யே, கேக்கவே ஓக்காளம் வருது. ஒரு நாணமும் இல்ல பாத்தியா இவனுக்கு" என்றாள் மற்றவள்.

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து நின்றார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். மறுபடி கேட்டார். நான் வாயைத் திறந்தால் முன் சீட்டில் இரண்டு தலையும் திரும்பும். கையால் முன்னே காட்டினேன்.

"வாயத் தெறந்து சொல்லுங்கம்மா. நான் என்ன ஜோசியமா பாக்குதேன்?"

பஸ்ஸில் நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். அடுத்த ஸ்டாப்பை விரலால் சுட்டினேன். ஊமை என்று நினைத்தாரோ என்னவோ, கண்டக்டர் குரலைத் தணித்துக்கொண்டு மினிமம் டிக்கெட்டைக் கிழித்தார். அங்கேயே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தேன். அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. என்னைப் பெண் என்று நம்பவைக்கப் பேசினேன். இப்போது பெண்ணாக நடமாட வேண்டுமென்றால் பேசக்கூடாது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், புறவாசலில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் பைக் சத்தம். கத்தியோடு எழுந்து போனேன். இரண்டு பேர். ஒருவன் ஃபோனில் ஓர் எண்ணைக் காட்டினான். என்னுடையதுதான்.

"இந்த நம்பர் இங்க யாருக்க கையில இருக்கு?"

நான் அந்த எண்ணை ஒருமுறை சரிபார்த்தேன்.

"ஒங்க மாப்பிள வீட்டுல உண்டா? வெளிய வரச் சொல்லுங்க. ஒங்ககிட்ட எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

எனக்குக் காரியம் விளங்கிவிட்டது. மடியில் கனமில்லைதான், ஆனாலும் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மற்றவன் செருப்போடு படியேறி, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தான். "உள்ள ஒளிச்சு வச்சிருக்கியளா அவன? நாங்க போய்ப் பாக்கணுமா?"

"அது எனக்க நம்பருதான்" என்றேன்.

படியேறியவன் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பார்த்தான். பேசிய ஆளைத் தேடினான்.

"யாருலே அது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"நான்தான் பேசினேன். இன்னும் பேசணுமா?" என்று தலையை நிமிர்த்திக் கழுத்துத் தழும்பைக் காட்டினேன். கத்தியில் செதில் ஒட்டியிருந்தது, கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவன் படியிறங்கிச் செருப்பைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. எப்படி வீட்டைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "ரீசார்ஜ் கடையில நம்பரக் காட்டினோம் அக்கா. சொன்னாவ" என்றான் முதலாமவன். அட்மினின் தம்பியாம்.

அவ்வளவு சுலபம். அவர்கள் ஓர் ஆணை அடிக்க வந்தார்கள். ஒரு பெண்ணைத் தேடி எவனாவது இதே வழியில் வந்திருந்தால்?

சாயங்காலம் அட்மினே ஆட்டோவில் வந்தாள். என்னைவிட இளையவள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு காரணம் சொன்னாள். குரல் சட்டம் வருவதற்கு முன்பு, தன் மனைவியின் பேரில் ஒருத்தன் உள்ளே வந்திருக்கிறான். ஒரு பெண் தன் புருஷன் அடிப்பதைப் பற்றி அழுது பேசியதை எடுத்து அந்தப் புருஷனுக்கே போட்டுக் காட்டியிருக்கிறான். "அவ இப்ப அம்ம வீட்டுல இருக்கா அக்கா. பிள்ள புருசன்கிட்ட. பாக்கவும் விடமாட்டேங்கான். நான் ஒரு ஆள உள்ள விட்டதுக்கு."

"அதுக்கு எனக்க குரல ஊரெல்லாம் அனுப்பணுமா?" என்று கேட்டேன். ஆனாலும் அவள் பயத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலி வேண்டும், இப்போது அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலி கட்டுகிறவர்களுக்குப் பயிர் எது, களை எது என்றும் தெரிய வேண்டாமா?

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பூவும் கைகூப்பலுமாக நிறைய வந்தது. கொஞ்ச நாளில் ஒருத்தி, தெரியாத நம்பரிலிருந்து எவனோ தினமும் கூப்பிடுகிறான் என்று எழுதினாள். உடனே இன்னொருத்தி, "நம்ம அக்காவ விட்டு ஒரு போடு போடச் சொல்லு" என்றாள். கூப்பிட்டு, "யாருலே?" என்றேன். வைத்துவிட்டு ஓடினான். பிறகு அதுவே என் சோலியாகிவிட்டது. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் வலித்தது. பெண் என்று சேர்த்துக்கொண்டு ஆண் வேலை வாங்கினார்கள்.

நான் கேட்க வந்தது அப்படியே கிடந்தது. ஒரு காலையில், போவது போகட்டும் என்று குரூப்பில் பேசி அனுப்பினேன். இந்தக் குரல் யாருக்காவது இருந்திருக்கிறதா, திரும்பி வந்ததா, என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், நான் என்ன செய்யட்டும் என்று. எல்லோரும் கேட்டது தெரிந்தது. யாரும் பதில் போடவில்லை. சோறு வடித்து முடித்து வந்து பார்த்தபோது ஒரு குரல் வந்திருந்தது. தட்டினேன். கட்டையான ஆண் குரல். எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று, அதை நிறுத்திவிட்டு அட்மினைக் கூப்பிடப் போனேன். நானே!

பிறகு சுதாரித்து முழுதும் கேட்டேன்.

"பிள்ளே, எனக்கும் இதே ஆப்பரேசன்தான். சவுண்டு திரும்பி வரல்ல. இதுல சேரதுக்கு எனக்க மகளப் பேச வச்சு அனுப்பினேன். இன்னைக்கு வர வாயத் தெறக்கல்ல, ஒனக்க கதி எனக்கும் வருமோன்னு பயம். ஒனக்க குரலக் கேட்ட பொறவுதான் பேசுதேன். அவரு கூப்பிடல்லன்னா நீ கூப்பிடு. கேக்கக் கேக்கத்தான் காது பழகும். எனக்க வீட்டுலயும் அப்பிடித்தான்."

பொய் சொன்னவளை உள்ளே விட்டு, உண்மை சொன்னவளை வெளியே நிறுத்தியிருக்கிறது அந்த வாசல். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஃபோனைக் காதில் வைத்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல "சாப்பிட்டியா?" என்று எழுத்து வந்தது. பதில் எழுதவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"இது எனக்க குரலுதான். இனி இதுதான். வைக்கப் போறியளா?"

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. நானும் வைக்கவில்லை. பிறகு அந்தச் சத்தம் நின்றது. "சாப்பிட்டியா?" என்றார், வாயால்.